வனைந்தவர் வீட்டில் இல்லாத கலயம்

இன்கா என்று சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தங்கம்தான். சினிமாவிலும் அப்படித்தான், கதைப் புத்தகங்களிலும் அப்படித்தான். அந்தத் தங்கம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? 1532 நவம்பரில் இன்கா மன்னன் அதாவல்பாவைக் கஹமார்கா ஊரில் பிடித்து வைத்துக்கொண்ட ஸ்பானியர்கள், ஒரு அறை நிறையப் பொன்னும் அதற்கு மேல் வெள்ளியும் மீட்புப் பொருளாக வாங்கினார்கள். வந்து குவிந்த குடங்களையும் தட்டுகளையும் சிலைகளையும் 1533-இல் உலையிலிட்டு உருக்கிக் கட்டிகளாக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மன்னனையும் கொன்றார்கள். தங்கம் உருகிப்போச்சு. மலைநாட்டு ஈரத்தில் துணியும் மக்கிப்போச்சு. மிஞ்சினது மண். சுட்ட மண்ணை உடைக்கலாம், உருக்க முடியாது. காசுக்கு ஆகாது என்று கொள்ளைக்காரன் எட்டி உதைத்துவிட்டுப் போன பானையோடுகள்தான் இன்றைக்கு அந்தப் பேரரசைப் பற்றி அதிகம் பேசுகின்றன.

ஆனால் அந்த ஓடுகளிடம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது. கலை வரலாற்றுக்காரர்கள் பானையின் மேலுள்ள சித்திரத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் அதில் குடித்த அரசனைப் பார்க்கிறார்கள். மண் குழைத்த கை யாருடையது, நிரம்பிய கலயத்தைச் சுமந்த முதுகு யாருடையது, அதற்குள் ஊறிய பானத்தைக் காய்ச்சிய பெண்கள் யார், வனைந்தவன் வீட்டில் அப்படி ஒரு கலயம் இருந்ததா? இதெல்லாம் பின்கட்டுக் கேள்விகளாகத் தள்ளப்பட்டுக் கிடந்தன. கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் நடந்த அகழாய்வுகள் இந்தப் பின்கட்டுக் கேள்விகளுக்குத்தான் உருப்படியான பதில்களைக் கொடுத்திருக்கின்றன.

முதலில் பாண்டத்தைப் பார்த்துவிடுவோம்.

இன்காக்களின் சடங்குப் பாண்டங்களில் தலையாயது உர்ப்பு. விரிந்த வாய், நீண்ட கழுத்து, அகன்ற வயிறு, கூம்பிய அடி. கிரேக்கக் குடுவை ஒன்றின் சாயல் இருப்பதாக நினைத்து ஐரோப்பியர் இதற்கு 'அரிபாலோ' என்று பேர் வைத்தார்கள். அருங்காட்சியகச் சீட்டுகளில் இன்றும் பெரும்பாலும் அந்தப் பேர்தான். பேரை வைத்தவன் பண்டத்தையும் தனதாக்கிக்கொள்கிறான் என்பது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் உர்ப்பும் உண்டு, ஒரு மீட்டருக்கு மேல் நிற்பதும் உண்டு. வயிற்றின் கீழ்ப்பாதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காதுகள். தோள்பட்டையில் விலங்குத் தலை போல ஒரு சின்னக் குமிழ். கயிறு இரண்டு காதுகளிலும் நுழைந்து, குமிழில் மாட்டி, சுமப்பவரின் மார்புக்குக் குறுக்கே வந்து சேரும். அதாவது இது முதுகில் சுமப்பதற்கென்றே வனைந்த கலயம். சித்திரம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். குமிழ் இருக்கிற பக்கத்தில் சாய்சதுரக் கட்டங்கள், பெரணி இலை மாதிரிக் கொடிகள், பட்டைப் பட்டையாகக் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும். மறுபக்கம் வெறுமையாக இருக்கும். தீட்டின பக்கம் ஊர் பார்ப்பதற்கு. தீட்டாத பக்கம் சுமக்கிறவர் முதுகுக்கு.

சக்கரம் அவர்களிடம் இல்லை. மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக ஏற்றி, தட்டி, இழைத்து, நிற மண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிச் சுட்டார்கள். பளிங்குப் பூச்சு கிடையாது. அந்த மினுமினுப்பு முழுக்கக் கையின் உழைப்பு. இப்படிக் கையாலேயே ஏற்றின பாண்டம், இன்றைய ஈக்வடாரிலிருந்து சிலி, அர்ஜென்டினா வரை நாலாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ ஒரே வடிவத்தில் கிடைக்கிறது. ஊருக்கு ஊர் மண் வேறு, கை வேறு. வடிவம் மட்டும் ஒன்று. வனைபவர்கள் விரும்பி அப்படிச் செய்திருப்பார்களா? இன்காக் கலயத்தில் மன்னன் உருவத்தைக் காண்பது அரிது. போர்க் காட்சியும் அப்படியே. வடிவமும் கட்டமும்தான் முத்திரை. தூரத்தில் ஒருவன் முதுகில் வருவதைப் பார்த்தாலே 'அரசு வருது' என்று தெரிந்துவிடும்.

கலயத்துக்குள் இருந்தது மக்காச்சோளக் கள். கெச்சுவா மொழியில் அகா. ஸ்பானியர் வழியாக உலகம் அறிந்த பேர் சிச்சா. சோளத்தை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, காய்ச்சி, ஊற வைப்பார்கள். சில நாளில் புளித்துக் கெட்டுவிடும். ரொம்ப நாள் சேமிக்க முடியாது, ரொம்ப தூரம் கொண்டுபோகவும் முடியாது. குடிக்கிற இடத்திலேயே, குடிக்கிற நாளுக்குக் கணக்காகக் காய்ச்ச வேண்டும். ஆயிரக்கணக்கான பேருக்கு ஊற்ற வேண்டுமென்றால் எத்தனை பெண்களின் உழைப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆயிரக்கணக்கான பேருக்கு ஏன் ஊற்ற வேண்டும்? இதில்தான் இன்கா அரசின் சூட்சுமம் இருக்கிறது. அங்கே காசு கிடையாது. வரி என்பது உழைப்பு. ஒவ்வொரு ஊரும் முறைவைத்து ஆட்களை அனுப்ப வேண்டும். அதற்குப் பேரே மித்தா, 'முறை' என்றுதான் அர்த்தம். சாலை போட, கோட்டை கட்ட, சுரங்கம் தோண்ட, அரசின் நிலத்தில் உழ, சண்டைக்குப் போக. போனவர்களுக்கு அரசு சோறும் கள்ளும் கொடுத்தது. கிராமத்தில் ஒருவர் வயலில் இன்னொருவர் வேலை செய்தால் வயல்காரர் சோறு போட்டுக் கள் ஊற்ற வேண்டும் என்பது இன்காக்களுக்கு முந்தியே ஆண்டீஸ் மலைமக்களிடம் இருந்த பழைய வழக்கம். இன்று எனக்கு நீ, நாளை உனக்கு நான். இந்தச் சமமான கைம்மாற்றை எடுத்து, ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் நடுவில் வைத்துவிட்டது அரசு. ஊற்றுகிறவன் எப்போதும் அரசன், உழைக்கிறவன் எப்போதும் குடியானவன். 'நாளை உனக்கு நான்' என்கிற பாதி மட்டும் காணாமல் போச்சு. விருந்தாளி என்ற பேரில் வேலைக்காரன். இந்த மாய்மாலம் நடப்பதற்கு மேடை வேண்டும், பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம்தான் உர்ப்பு.

மேடை எது என்பதைப் பெருவின் மத்திய மலைப்பகுதியில், ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற வானுகோ பம்பாவில் பார்க்கலாம். இன்காக்கள் வெறும் புல்வெளியில் கட்டின நிர்வாக நகரம் அது. 1960-களிலும் 70-களிலும் கிரெய்க் மோரிஸ் அங்கே அகழாய்வு செய்தார். அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மைதானம். மலைச்சரிவில் வரிசை வரிசையாக ஏறத்தாழ 500 களஞ்சியங்கள். மைதானத்தை ஒட்டிய கட்டடங்களில் கொட்டிக் கிடந்தவை பெரிய பெரிய சால்களின் ஓடுகளும் தட்டுகளின் ஓடுகளும். நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் குறைவு. முறைவேலைக்கு வந்து போகிறவர்களுக்கு ஆக்கிப்போட்டு ஊற்றிக்கொடுக்கிற ஊர் அது. மைதானத்தின் வடபுறம் மதில் சூழ்ந்த ஒரு வளாகம். உள்ளே ஒரே அச்சாக 50 கட்டடங்கள். நுழைய ஒரே வழி. தரையில் நெசவுக் கருவிகளும் கள் காய்ச்சும் சால்களின் ஓடுகளும். இது 'அக்லா' பெண்களின் வளாகம் என்று மோரிஸ் முடிவு கட்டினார்.

அக்லா என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். மாகாணங்களுக்குப் போன இன்கா அதிகாரிகள் பத்து வயதளவில் இருக்கும் சிறுமிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து இப்படி வளாகங்களில் அடைத்தார்கள். நூற்க, நெய்ய, கள் காய்ச்சப் பழக்கினார்கள். வளர்ந்த பிறகு சிலர் கோயிலுக்கு, சிலர் மன்னனுக்கு, சிலர் மன்னன் யாருக்குப் பரிசளிக்க நினைக்கிறானோ அவனுக்கு. 'சூரியனின் கன்னியர்' என்று ஐரோப்பியர் இதற்கு ஒரு காவியப் பேர் வைத்து உருகினார்கள். மதிலுக்குள் ஒரே வாசல், ஆயுசுக்கும் வேலை, தன் உடம்பின் மேல் தனக்கு உரிமையில்லை. இதற்கு வேறு பேர் இருக்கிறது.

இனி வனைந்தவர்கள். இன்காக்களுக்கு எழுத்து இல்லை, முடிச்சுக் கயிறுகள் இருந்தன. கிப்பு என்று பேர். எத்தனை குடும்பம், எத்தனை ஆள், எத்தனை மூட்டை எல்லாம் முடிச்சில் கணக்கு. 1549-இல் ஸ்பானிய அதிகாரிகள் வானுகோ வட்டாரத்துச் சுபாச்சு மக்களிடம் விசாரித்தபோது, இன்காவுக்கு என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியல் கயிற்றுக் கணக்கிலிருந்து படித்துச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 4,000 குடும்பங்கள். அதிலிருந்து சுவர் கட்டக் குஸ்கோவுக்கு 400 பேர், உயர்ரகத் துணி நெய்ய 400 பேர், பொன் அகழ 120 பேர், செத்துப்போன மன்னனின் உடலைக் காவல் காக்க 150 பேர் என்று நீள்கிறது. அதில் ஒரு வரி: பானை வனைந்து வானுகோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க 40 பேர்.

நாற்பது குயவர்கள். பேர் இல்லை. ஆனாலும் மன்னர் பட்டியலைவிட இந்த வரி பெரிய ஆவணம் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இதற்கு இன்னொரு பாதி மண்ணுக்குள் இருந்தது. மோரிஸும் டொனால்ட் தாம்சனும் சேர்ந்து வானுகோ பம்பாவையும் சுற்றியிருந்த கிராமங்களையும் ஆராய்ந்தார்கள். நகரத்தில் கிடைத்தவை பெரும்பாலும் இன்கா பாணிப் பாண்டங்கள். சுபாச்சு கிராமங்களில் அந்தப் பாணி அநேகமாக இல்லை. ஊர்த்தலைவரோடு தொடர்புள்ள இடத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றபடி வீடுகளில் இருந்தது பழைய உள்ளூர்ப் பானை, முப்பாட்டன் காலத்து வடிவம். அதாவது அரசுக்கு உர்ப்பு வனைந்த வட்டாரத்துக்காரர்கள் தங்கள் வீட்டில் உர்ப்பு வைத்துக்கொள்ளவில்லை. அனுமதியில்லையா? அல்லது வேண்டாமென்று விட்டார்களா? முதலாவதை ஆய்வாளர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவதையும் யோசிக்க வேண்டும். முறைவேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் தன் அடுப்புக்குத் தன் பாட்டி வனைந்த மாதிரியே ஒரு சட்டி வனைந்துகொள்வதில் ஒரு பிடிவாதம் இருக்கலாம். அரசாங்கத்தின் சித்திரம் தன் வாசலுக்குள் வரவேண்டாம் என்கிற பிடிவாதம்.

எல்லாக் குயவர்களும் முறை முடிந்து வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. சிலரை ஊரோடு பெயர்த்துக் கொண்டுபோய் வேறு இடத்தில் நட்டார்கள். இப்படிக் குடிபெயர்க்கப்பட்டவர்களுக்கு மித்மா என்று பேர். வடக்குக் கடற்கரையின் கொயீகே பகுதியைச் சேர்ந்த குயவர்கள் கஹமார்கா மலைக்கு ஏற்றப்பட்டார்கள். தித்திகாகா ஏரிக்கு வடகிழக்கே மில்லிராயா என்ற இடத்தில் ஒரு குயவர் குடியேற்றமும் ஒரு நெசவாளர் குடியேற்றமும் அரசின் ஏவலில் உண்டாக்கப்பட்டன. கடலோர வெயிலில் வளர்ந்தவனுக்கு மலைக்குளிர் எப்படி இருந்திருக்கும்? பழகின மண் இல்லை. களிமண்ணைத் தொட்டே அதன் குணம் சொல்லுகிற கைக்கு, புதுமண் என்பது புதுமொழி மாதிரி.

இந்த இடத்தில் நம் முற்போக்கு நண்பர்களோடு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. இன்காக்களைப் பற்றி இடதுசாரிகளிடம் ஒரு இனிய நினைப்பு உண்டு. 1928-இல் லூயி போதான் என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர் இன்கா ஆட்சியைச் 'சோசலிசப் பேரரசு' என்று பேரிட்டுப் புத்தகம் எழுதினார். அவர் சோசலிசத்தைப் பிடிக்காதவர் என்பது வேறு விஷயம். அதே ஆண்டு பெருவின் பெரும் மார்க்சியரான ஹொசே கார்லோஸ் மரியாதேகி தன் ஏழு கட்டுரைகளில் இன்காப் பொதுவுடைமை பற்றிப் பேசினார். பழங்குடி மக்களின் நிலப்பிரச்சினையை இலத்தீன் அமெரிக்க இடதுசாரி அரசியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு. ஊர்ப் பொதுநிலம், கூட்டு உழைப்பு இதெல்லாம் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அது ஊர்களுடையது. இன்காவின் கைங்கரியம் அல்ல. களஞ்சியம் நிறைந்திருந்தது, யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று சொல்லிவிட்டால், மதிலுக்குள் இருந்த பெண்ணையும் பெயர்த்து நடப்பட்ட குயவனையும் எந்தக் கணக்கில் எழுதுவது? ஸ்பானியன் வந்து செய்த அழிவு சொல்லி மாளாது. அதனாலேயே அதற்கு முந்தியது பொற்காலம் ஆகிவிடாது. வெள்ளைக்காரனுக்கு எதிராக நம் மன்னர்களை நிறுத்திப் பெருமைப்படுவது என்கிற வியாதி எல்லா நாட்டிலும் இருக்கிறது. அந்தப் பெருமையில் முதலில் நசுங்குகிறவர்கள் யார் என்பதும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

சித்திரம் தீட்டிய சடங்குக் கலயம் என்றாலே அது மேல்தட்டுக்காரர்களுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. இன்காக்களுக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பு, பெருவின் தெற்குக் கடற்கரைப் பாலைவனத்தில் வாழ்ந்தார்கள் நாஸ்கா மக்கள். பொது சகாப்தம் முதல் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை. தரையில் பிரம்மாண்டமாகக் கோடு கிழித்தவர்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தவர்கள் (அதை வேற்றுக்கிரக ஆசாமிகள் கிழித்ததாகச் சொல்லிப் பணம் பண்ணினவர்களும் உண்டு, கறுத்த, பழுப்பு நிற மனிதர்கள் அறிவாக ஏதாவது செய்துவிட்டால் அது வானத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஒரு வகை நம்பிக்கை). நாஸ்கா பானைகளில் பத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் இருக்கும். எல்லாம் கல்லும் மண்ணும்: இரும்புத்தாதுச் சிவப்பு, மாங்கனீசுக் கறுப்பு, வெண்களி. அவர்களுக்கு முந்தியவர்கள் பானையைச் சுட்ட பிறகு பிசினில் நிறம் குழைத்துத் தீட்டினார்கள். சுரண்டினால் உதிரும். நாஸ்காக் குயவர்கள் சுடுவதற்கு முன்பே நிறமண் குழம்பால் தீட்டினார்கள். நிறம் பானையோடு பானையாக வெந்தது, ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழித்தும் உதிரவில்லை. என்ன தீட்டினார்கள்? பச்சை மொச்சை, மிளகாய், தேன்சிட்டு, மீன், கொலைத் திமிங்கிலம், வாய் தைக்கப்பட்ட மனிதத் தலை.

கவாச்சி அவர்களின் யாத்திரைத் தலம். சடங்கும் விருந்தும் அங்கேதான். 1990-களில் கெவின் வான் என்ற ஆய்வாளர் மார்காயா என்ற ஒரு சின்னக் கிராமத்தை அகழ்ந்தார். கோயிலுமில்லை, அரண்மனையுமில்லை, கல்சுவர் வீடுகள் மட்டும். அங்கே எல்லா வீட்டிலும் பல நிறச் சித்திரக் கலயங்கள் கிடைத்தன. உடைந்து கிடந்த ஓடுகளில் பாதிக்கு மேல் சித்திரம் தீட்டியவை. களிமண்ணின் கூறுகளைச் சோதித்ததில், வீட்டுக்கு வீடு வனையாமல் ஒரே இடத்தில், அநேகமாகக் கவாச்சியில், வனைந்து விநியோகமானவை என்று தெரிந்தது. விருந்துக்குப் போனவர்கள் கலயத்தோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். தலை வடிவக் கலயம் மாதிரிச் சில வகைகள் சில வீடுகளில் மட்டும்தான் இருந்தன; ஆக அங்கேயும் மேடுபள்ளம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மொச்சையும் தேன்சிட்டும் தீட்டின கலயத்தில் அந்தக் கிராமத்தில் எல்லோரும் குடித்தார்கள். வானுகோவின் கிராமங்களை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் வடக்குக் கடற்கரையில் மோச்சே. அங்கே கதை வேறு. வெளிர்மஞ்சள் பூச்சின் மேல் செம்பழுப்புக் கோடுகளால் முழுக் காட்சிகளையே தீட்டினார்கள். தோற்றவன் ஆடை உரியப்படுகிறான், கழுத்தில் கயிறு, நிர்வாணமாக நடத்திக்கொண்டு போகிறார்கள், தொண்டை அறுபடுகிறது, ரத்தம் குவளையில் பிடிக்கப்பட்டு அலங்காரக்காரன் ஒருவனிடம் நீட்டப்படுகிறது. இதெல்லாம் புராணக் கற்பனை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 1987-இல் சிப்பானில் வால்டர் அல்வா திறந்த கல்லறையில், குவளையை வாங்குகிற அந்த ஆளின் அதே தலையணியோடும் அதே ஆபரணங்களோடும் ஒரு பிரபு படுத்திருந்தான். 1991-இல் சான் ஹொசே தெ மோரோவில் குவளையை நீட்டுகிற பெண்ணின் கோலத்தோடு ஒரு கல்லறை. 1995-இல் நிலாக்கோயில் என்று சொல்லப்படுகிற வாகா தெ லா லூனாவில் ஸ்டீவ் பூர்ஜே சேற்றுக்குள்ளிருந்து எடுத்தது பலியான ஆண்கள் ஏறத்தாழ எழுபது பேரின் எலும்புகளை. பானையில் தீட்டியிருந்தது நடந்த சங்கதி. நடத்தினவனின் ஆபரணம் உலகம் சுற்றிக் கண்காட்சி கண்டது. கயிறு கட்டப்பட்டவனுக்குப் பானையில் கோடு மட்டும்.

சிப்பானைப் பற்றி இன்னொன்று. அதை முதலில் தோண்டியவர்கள் பக்கத்து ஊர் ஏழைகள். புதையல் தோண்டுகிறவர்களை அங்கே வாக்கேரோ என்பார்கள். புனித இடத்தைக் குறிக்கிற வாகா என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த வருஷம் போலீஸ் சுட்டதில் தோண்டினவர்களில் ஒருவர் செத்தார். தோண்டினது குற்றம்தான். ஆனால் அதே காரியத்தை ஸ்பானியர்கள் அரசு உரிமம் வாங்கிக் கம்பெனி வைத்துச் செய்தார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டுச் சூரியக்கோயிலின் பெரும்பகுதியைக் கரைத்துப் புதையல் தேடினார்கள். அதற்கு யாரும் யாரையும் சுடவில்லை. லிமாவில் இருக்கிற, உலகப் பிரசித்தி பெற்ற லார்கோ அருங்காட்சியகம் 1926-இல் சிக்லீன் என்ற கரும்புப் பண்ணையில் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளையால் தொடங்கப்பட்டது. ஆண்டை சேர்த்தால் சேகரிப்பு, கூலிக்காரன் சேர்த்தால் திருட்டு.

மோச்சே காலத்துப் பானைகள் சிலவற்றின் கழுத்தில் சுடுவதற்கு முன்பே கீறின சின்னச் சின்னக் குறிகள் உண்டு. 1971-இல் கிறிஸ்டோபர் டொனான் இவற்றை இன்றைய பெருக் குயவர்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு விளக்கினார்: பலர் பானை ஒன்றாகக் கலக்கும்போது எது யாருடையது என்று அடையாளம் தெரிவதற்கு. கையெழுத்துக்கு மிக அருகில் வருவது இதுதான்.

திரும்ப இன்காவுக்கு வருவோம். குடிப்பதிலும் ஒரு இலக்கணம் இருந்தது. கெரோ என்னும் குவளைகளை இணை இணையாகத்தான் செய்வார்கள். இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் தான் குடித்து, இன்னொன்றை எதிராளிக்குக் கொடுப்பது. ஒருவர் கூட, ஒருவர் குறையக் குடிக்கக்கூடாது என்பதற்காக ஒரே அளவு என்று இன்கா கார்சிலாசோ 1609-இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். அவர் தாய்வழியில் இன்கா அரச குடும்பம். அளவு ஒன்றுதான், ஆனால் பொருள் வேறு: பிரபுக்களுக்குப் பொன், வெள்ளி, மற்றவர்களுக்கு மரம், மண். முதலில் நீட்டுகிறவன் மேல், வாங்குகிறவன் கீழ். இன்கா நீட்டின குவளையை உள்ளூர்த் தலைவன் வாங்கிக் குடித்தால் அடங்கினான் என்று பொருள். எந்தக் குவளை யார் கைக்குப் போகிறது என்பதன் அரசியலை இந்த இதழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கஹமார்காவில் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு குவளைக் கதை இருக்கிறது. பாதிரியார் கொடுத்த புத்தகத்தை அதாவல்பா தூக்கி எறிந்தான், அதனால் தாக்கினோம் என்று ஸ்பானியர் எழுதியதுதான் எல்லோரும் படித்தது. அதாவல்பாவின் தம்பி மகன் தித்து குசி யுபாங்கி, வில்கபம்பா காட்டில் எதிர்ப்பு அரசு நடத்திக்கொண்டிருந்தபோது 1570-இல் தன் தரப்பைச் சொல்லி எழுத வைத்தார். அதன்படி, முதலில் அதாவல்பா வந்தவர்களுக்குப் பொற்குவளையில் சிச்சா கொடுத்தான். வாங்கினவன் அதைத் தரையில் கொட்டினான். தந்ததைக் கொட்டின அவமானத்தில்தான், பிறகு அவர்கள் காட்டின ஏட்டை அவன் எறிந்தான். புத்தகம் எறிந்தது பாடமானது, கள்ளைக் கொட்டினது பாடமாகவில்லை.

அந்தப் பத்தாண்டில் வைஸ்ராய் டொலேடோ, பழங்குடியினர் குடிக்கிற குவளைகளில் பறவை விலங்கு உருவங்களைத் தீட்டக்கூடாது, செதுக்கக்கூடாது, அவற்றை அவர்கள் வணங்குகிறார்கள் என்று தடை போட்டார். கோயிலை இடித்தாச்சு, மன்னர்களைக் கொன்றாச்சு, கடைசியில் குடிக்கிற குவளையின் படத்துக்குப் பயம். தடையை மீறி மரக் கெரோக்களில் பிசின் நிறங்களால் தீட்டுவது காலனி ஆட்சிக்காலம் நெடுகத் தொடர்ந்தது. இன்காக் காலத்தில் கட்டமும் கோணமுமாக இருந்த குவளையில் இப்போது ஏர் ஓட்டுகிறவன், குவளை ஏந்தின பெண், பூ என்று மனிதர்கள் வந்தார்கள். அரசு போன பிறகுதான் குவளையில் ஆட்களுக்கு இடம் கிடைத்தது.

கலயமும் கள்ளும் குழந்தைகள் வரைக்கும் போயிருக்கின்றன. 1999-இல் அர்ஜென்டினாவின் யுயாயாகோ எரிமலை உச்சியில், 6,700 மீட்டருக்கு மேலே, இன்காக்கள் பலியிட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. கூடவே துணிகள், சிறு உருவங்கள், மண்பாண்டங்கள். மூவரில் மூத்த பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். முடி வளர வளர உடம்பில் போனது அதில் பதிந்துகொண்டே வரும். 2007-இலும் 2013-இலும் வெளியான முடி ஆய்வுகள் சொன்னது இது: சாவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு வரை அவள் சாப்பாடு சாதாரணக் குடியானவர் சாப்பாடு. திடீரென்று மக்காச்சோளமும் இறைச்சியும் வருகின்றன. கொக்கா இலை கூடுகிறது. கடைசி சில வாரங்களில் சிச்சா உச்சத்துக்குப் போகிறது. ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு உயர்த்தி, போதையில் மலையேற்றியிருக்கிறார்கள். கௌரவம் என்று அதற்குப் பேர் இருந்தது.

கடைசியாக மச்சு பிச்சு. 1911-இல் ஹிராம் பிங்கம் 'கண்டுபிடித்தார்' என்கிறார்கள். அவர் போனபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் குடியிருந்து அந்தப் படிக்கட்டு நிலங்களில்தான் பயிர் செய்துகொண்டிருந்தன. மறு ஆண்டு அகழாய்வில், மண்டையோடு உள்ள குகையைக் காட்டுகிற கூலியாளுக்கு ஒரு சோல் வெகுமதி என்றார் பிங்கம். அப்படிக் காட்டின குகைகளிலிருந்து ஏறத்தாழ 170 பேரின் எலும்புகளும் அவர்களோடு புதைத்த பாண்டங்களும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஜார்ஜ் ஈட்டன் என்பவர் எலும்புகளைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் பெண்கள் என்று 1916-இல் எழுதினார். உடனே சூரியக் கன்னியர் கதை மலையேறிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஜான் வெரானோ மறுபடி பார்த்தபோது ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். மன்னர் குடும்பத்தாரைக் குஸ்கோவுக்குத்தான் கொண்டுபோவார்கள். குகைகளில் கிடந்தவர்கள் யானா என்று சொல்லப்பட்டவர்கள். சொந்த ஊரிலிருந்து அறுத்து எடுக்கப்பட்டு ஆயுசு முழுக்க அரச குடும்பத்துக்கு ஊழியம் செய்ய வைக்கப்பட்டவர்கள்.

இதை முதலில் காட்டிக்கொடுத்தவை பாண்டங்கள். கல்லறைகளில் இன்கா பாணிக் கலயங்களோடு வடக்குக் கடற்கரைச் சிமூ பாணியும் தித்திகாகா ஏரிப் பகுதிப் பாணியும் கலந்து கிடந்தன. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரின் பானை, அந்த ஊர்க்காரர் தலைமாட்டில். 2023-இல் 34 பேரின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பேரரசின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள், அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து வந்த பெண்களும் உண்டு. அத்தனை பேரில் நெருங்கின ரத்த உறவு என்று தெரிந்தது ஒரே ஒரு இணைதான்: ஒரு தாய், அவள் மகள்.

நூறாண்டு வழக்குக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு 2011-இலும் 2012-இலும் யேல் அந்தப் பாண்டங்களையும் எலும்புகளையும் திருப்பிக் கொடுத்தது. இப்போது அவை குஸ்கோவில் காசா கொஞ்சா என்ற பழைய மாளிகையில் இருக்கின்றன. மாளிகை எழுப்பியிருப்பது துபாக் இன்கா யுபாங்கி மன்னனின் அரண்மனை இருந்த இடத்தில்.